நிச்சயம் பேசுவோரும் வாய்ப்பு பேசுவோரும்

“மழை வரும் என்றார்கள், வெயிலல்லவா கொளுத்துகிறது! வானிலை அறிக்கையாம், வெங்காயமாம்!” - திண்ணைதோறும் கேட்கிறோம் இந்தக் கேலியை. கேலி பேசும் அதே நண்பர்தான், மகள் திருமணத்துக்கு நாள் குறிக்கச் சோதிடர் வாயிலில் கால்கடுக்க நிற்கிறார்! ஏன்? வானிலையாளர், “70 சதவிகிதம் வாய்ப்பு” என்கிறார். சோதிடரோ, “சர்வ நிச்சயம்” என்கிறார். நிச்சயம் காதுக்கு இனிக்கிறது!

அந்த நிச்சயத்தின் இலட்சணத்தை நாடே கண்டதுண்டு. 1962 பிப்ரவரியில், மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகுக்கே ஆபத்து என்றனர். யாகங்கள் நடந்தன, நெய் நெருப்பில் கொட்டப்பட்டது. நாள் வந்தது, போயிற்று. உலகம் உருண்டுகொண்டேதான் இருந்தது! வெட்கப்பட்டனரா? இல்லை! யாகத்தின் பலனாலன்றோ பிழைத்தோம் என்று விளக்கம் பிறந்தது. நடந்தாலும் வெற்றி, நடவாவிட்டாலும் வெற்றி! தோற்கவே முடியாத வாக்கு அறிவாகுமா?

அறிவியலோ தன்னைத்தானே தராசில் நிறுத்துகிறது. “70 சதவிகிதம்” என்று சொன்ன 100 நாட்களை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 70 நாள் பெய்திருக்க வேண்டும், 30 நாள் பெய்யாதிருக்க வேண்டும். 100 நாளும் பெய்திருந்தால், கணக்கு பிசகிவிட்டது என்று பொருள்!

முழு நிச்சயம் ஏன் கூடாது? 1961-ல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு லோரன்சு, கணிப்பொறியில் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டார். வேறுபாடு கடுகளவு, பொறி காட்டிய வானிலையோ போகப்போக முற்றிலும் வேறு! எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் கடுகளவு பிழை தங்கும். நாள் செல்லச் செல்ல அது மலையாகும்.

அப்படியானால் பயன் என்ன என்கிறீர்களா? ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர்ப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. கரை கடக்கும் இடத்தை ஒரே புள்ளியாகக் குறித்துவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. வரக்கூடிய பகுதி முழுவதையும் கணக்கில் கொண்டு, ஏறத்தாழ 10 இலட்சம் மக்களைப் புகலிடம் சேர்த்தனர். மாண்டவர் தொகை நூறை எட்டவில்லை! ஐயத்தை ஒப்புக்கொண்ட அறிவு காத்த உயிர்கள் அவை.

ஆனால் ஒன்று. “கடலுக்குப் போகாதே” என்ற நாளில் புயல் வராவிட்டால், மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. சில எச்சரிக்கைகள் பொய்ப்பதும் கணக்கில் அடங்கியதே எனும்போது, அந்த இழப்பை ஏழையின் தலையில் மட்டும் சுமத்துவது எந்த நியாயம்? இரண்டு முறை பட்டினி கிடந்தவர், மூன்றாம் முறை எச்சரிக்கையை மீறிப் படகைத் தள்ளமாட்டாரா? உயிரல்லவா போகும்! ஆகவே, அந்த நாளின் கூலியை ஆட்சி ஈடுசெய்தாக வேண்டும். அது சலுகையன்று, எச்சரிக்கையின் மறுபாதி.

நிச்சயம் விற்போருக்குத் தட்சணை தரத் தயங்காத நாட்டில், உயிர் காக்கும் வாய்ப்புக் கணக்குக்கு விலை தரவா பணமில்லை?