சூப்பர் என்னும் ஒற்றைச் சொல்

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை, போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், கம்ப்யூட்டரில் சித்திரம் வரைய ஆரம்பப் பாடம் கற்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். பேசுவதைவிடக் கேட்பது உத்தமம் என்று எண்ணி, கையோடு கொண்டுபோயிருந்த ஒரு படத்தைத் திரையில் போடச் சொன்னேன். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று அடுக்கடுக்காகக் கோடுகள். அவ்வளவையும் ஒழுங்காக வரைந்து முடித்த தருணத்தில் யாரோ முழங்காலால் மேசையை இடித்துவிட்டாற்போல், இங்கும் அங்கும் சற்றே குலைந்து நின்றன. என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "சூப்பர் சார்" என்றான் முன்வரிசைப் பையன். அவனுக்கு அடுத்திருந்த பெண்ணும் சூப்பர் என்றாள். மூன்றாமவன் சொல்வளம் மிக்கவன்; "செம" என்றான்.

பிள்ளைகளைப் பரிகசிப்பதற்காக இதை எழுதவில்லை. காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரை கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நூற்றுக்கணக்கான படங்களைப் பார்க்கும் ஒரு தலைமுறைக்கு, ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் இதயக் குறியை வைத்து, அதைத் தொட்டுவிட்டால் ரசித்ததாக அர்த்தம் என்று கற்பித்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தானே? அந்தக் குறிக்கு ஓசை கொடுத்தால் அது சூப்பர் என்றுதான் ஒலிக்கும். ஆயினும், டிஜிட்டல் கலை என்ற பெயரில் ஆரம்ப வகுப்பு நடத்த முன்வரும் ஓர் ஆசிரியர், வந்த சொல்லோடேயே மாணவனை வீட்டுக்கு அனுப்பிவைப்பாரானால், யந்திரத்தைக் கையாளும் லாகவத்தைத் தவிர வேறொன்றையும் அவர் கற்பித்ததாகச் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

லாகவத்துக்கு வேண்டிய சாதனங்கள் எங்கள் தீவுகளுக்கு வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. சென்னையிலிருந்து சமுத்திரத்தின் அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இட்ட கண்ணாடி இழைக் கேபிள், 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டு, போர்ட் பிளேரையும் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், பஜாரில் பழைய பெயர்தான் இன்னும் புழங்குகிறது) ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய இடங்களையும் மெயின்லேண்டோடு பிணைப்பதற்கு முன்னால், செயற்கைக்கோளை நம்பிக் காலம் தள்ளிய எங்களுக்கு, ஒரு படத்தை அனுப்பத் தொடங்கிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்து பார்த்தாலும் அது பாதி வழியில் நிற்பது வாடிக்கை. இப்போது அந்தக் கவலை தீர்ந்தது. மத்தியப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக எடுக்க 2019 முதல் வழி இருக்கிறது. மாடிக்கு மாடி சித்திர வகுப்புகளும் முளைக்கின்றன. என் தங்கை மகனும் அப்படி ஓரிடத்தில் மூன்று மாதம் படித்தான். முடிவுப் பரீட்சையில், கடைசியாகச் செய்ததை அழிக்க எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சரியான விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கினான். எதை அழித்தாய், ஏன் அழித்தாய் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

பார்ப்பதும் பார்த்ததற்குப் பதில் சொல்வதும் எவ்வளவு சூட்சுமமான காரியம் என்பதை விளக்க, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் நோல் என்ற பொறியாளர் நடத்தி 1966-இல் வெளியிட்ட ஒரு சோதனையை எந்த ஆரம்ப வகுப்பிலும் முதல் நாளே சொல்லலாம். மோந்திரியான் என்ற டச்சு ஓவியர், குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகளால் 1917-இல் ஓர் ஓவியம் வரைந்திருந்தார். அதே பாணியில், கோடுகளின் இடத்தையும் நீளத்தையும் தற்செயலுக்கு விட்டு, கம்ப்யூட்டரைக் கொண்டு ஒரு படம் செய்த நோல், இரண்டையும் ஒரே மாதிரி நகலெடுத்து 100 பேர் முன் வைத்து, யந்திரம் செய்தது எது, உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார். யந்திரத்தின் படத்தைச் சரியாக அடையாளம் கண்டவர்கள் 28 பேர். பிடித்தது யந்திரத்தின் படமே என்றவர்கள் 59 பேர். ஓவியருடைய கோடுகளில் இருந்த ஒழுங்கை யந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு, தற்செயலாய் இறைந்து கிடந்தவற்றில் மனித உள்ளத்தின் சுதந்திரத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் ஒரு படத்தைக் காட்டினால், ஏஐ செய்ததா, ஆள் வரைந்ததா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுகிறார்கள். பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்பதில் எனக்கு ருசி இல்லை. அப்படி நினைக்கச் செய்த கோடு எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் திடீரென்று ஒரு நிசப்தம் உண்டாகும். அந்த நிசப்தத்துக்காகத்தான் ஆசிரியர் சம்பளம் வாங்குகிறார்.

நான் திரையில் போட்ட சதுரங்கள் வேரா மோல்னார் என்ற அம்மையாருடையவை. 1924-இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் குடியேறியவர்; கம்ப்யூட்டர் கைக்கெட்டாத காலத்திலேயே கற்பனை யந்திரம் ஒன்றை மனத்துக்குள் இருத்தி, தாமே விதி விதித்து, அவ்விதிக்குத் தாமே கட்டுப்பட்டுக் கோடு வரைந்து, 1968-இல் நிஜ யந்திரத்தை அடைந்து, நூறு வயதுக்குச் சில வாரங்களே இருக்கையில் 2023 டிசம்பரில் காலமானவர். அந்தச் சதுரங்களின் வருஷம் 1974. அதே 1974-இல்தான் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, நம் வாசற்கோலத்துக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்து, கம்ப்யூட்டர் சித்திரத்துக்கான ஒரு சர்வதேசச் சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்தில் சொல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் போகிறது. கோலமோ வரிசையாகவும் நிரையாகவும் இரு திசையில் விரிகிறது. ஆகவே அதற்கு இரு திசையிலும் விரியும் இலக்கணம் வேண்டும், அந்த இலக்கணம் கிடைத்துவிட்டால் சிறு கோலத்திலிருந்து பெரிய கோலத்தை விதிப்படியே வளர்த்துக்கொண்டு போகலாம் என்பது அவர்கள் கண்ட வழி. டிஜிட்டல் கலை என்பது எங்கோ கலிபோர்னியாவில் பிறந்து கேபிள் வழியே நம்மிடம் வந்து இறங்கிய சரக்கு என்று எண்ணும் பிள்ளைக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காரும்.

அன்று நிமிர்ந்து உட்கார்ந்தவள் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண். அவள் எட்டுப் புள்ளி, எட்டு வரிசையில் நெளிக்கோலம் ஒன்றைத் தொடங்கியிருந்தாள். கால் பங்கை மட்டும் மவுசால் வரைந்து, அதை நகலெடுத்து மூன்று முறை திருப்பி ஒட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் கோலம் பூர்த்தியாயிற்று. பக்கத்திலிருந்தவர்கள் வழக்கமான சொல்லைச் சொன்னார்கள். அவள் முகத்தில் மட்டும் திருப்தி இல்லை. "அம்மா போடற மாதிரி இல்லை சார்" என்றாள். ஏன் இல்லை என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

இந்த இடத்தில், இன்ன பிரஷ்ஷை எடு, ஓரத்தைச் சொரசொரப்பாக்கு என்று விடை சொல்லிவிட ஆசிரியருக்கு நாக்குத் துடிக்கும். அந்த வகுப்பின் ஆசிரியர் நல்லவேளையாகப் பேசாமல் இருந்தார். அன்று விடியலில் தாய் போட்ட கோலத்தின் படம் அவள் செல்போனில் இருந்தது. (எங்கள் ஊரில் மார்கழியிலும் ஐந்தரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், கோலம் போடுகிறவர்கள் மெயின்லேண்டைவிட முன்னதாக எழுந்தாக வேண்டும்.) அதைத் திரையில் தன் கோலத்துக்குப் பக்கத்தில் வைத்து, கால்மணி நேரம் ஒன்றும் செய்யாமல் பார்க்கும்படி சொன்னோம். முதல் ஐந்து நிமிஷம் தலைமுடியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு திரையருகே போனாள். அம்மாவின் கோடு ஓரிடத்தில் தடித்துத் தொடங்கி வரவர மெலிந்து மறுபடி தடிக்கிறது. தடிக்கும் இடமெல்லாம் புதிதாய் மாவெடுத்த இடம். வளைவில் விரல் தயங்குவதால் அங்கே மாவு சற்றே குவிகிறது. இடப்பக்கத்து நெளி வலப்பக்கத்து நெளியைவிட அகலம். அந்தப் பக்கம் எட்டிப் போட்டிருக்கிறாள். "எங்கே நின்னு குனிஞ்சாங்கன்னு தெரியுது சார்" என்றாள் கடைசியில். தன் கோலத்தைப் பற்றிக் கேட்டபோது, "இதுல யாரும் நிக்கலை" என்றாள். ஒரு சித்திர விமர்சகர் நாலு பக்கத்தில் சொல்லியிருக்கக்கூடியதை மூன்று சொல்லில் சொல்லிவிட்ட அந்தப் பெண்ணுக்கு எந்தப் பரீட்சையில் மதிப்பெண் போடுவது?

மற்றவர்கள் கேட்ட கேள்வி விலையைப் பற்றியது. பீப்பிள் என்ற அமெரிக்கர் தினம் ஒன்றாகச் செய்த 5,000 படங்களின் தொகுப்பு, 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் போனதும், அதை எடுத்தவர் சிங்கப்பூரில் வாழும் நம் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஐயாயிரத்தில் ஒன்றையாவது தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தவர் யார் என்றேன். ஒருவரும் இல்லை. விலையைப் பற்றி அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு பையன் தான் செய்த படத்தைப் பெருமையோடு காட்டியதை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியவில்லை. வடக்குச் சென்டினல் தீவு மனிதன் என்று ஏஐயிடம் கேட்டுப் பெற்ற படம்: தலையில் இறகுக் கிரீடம், முகத்தில் செந்நிறப் பட்டைகள், பின்னால் புதரிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு புலி. "நம்ம காட்டுல புலி ஏதுடா?" என்று ஒருவன் கேட்டதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் நான் அவர்களுக்கு இரண்டு விஷயம் சொன்னேன். 1890-களில் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி, அந்தமான் பழங்குடியினரைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, உடம்பை அளப்பதற்கு வசதியாகப் புகைப்படம் பிடித்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியது ஒன்று. நன்கௌரிப் பக்கத்து நிக்கோபாரிகள், நோய் கொண்டுவரும் ஆவிகளைத் துரத்துவதற்காக, சூரிய சந்திரர், மீன், கப்பல் என்று தாம் அறிந்த உலகத்தைப் பாக்குப் பாளையிலும் பலகையிலும் எழுதி வீட்டில் வைத்த ஹென்டா என்னும் சித்திரம் மற்றொன்று. முதலாவதில், படத்தில் இருப்பவனுக்குப் படத்தின்மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை. இரண்டாவதில், வரைந்தவர்களே அதன் எதிரில் வாழ்ந்தார்கள். அந்தப் படத்துக்கு அவர்கள் வீட்டில் ஒரு வேலை இருந்தது.

அந்தப் பையனின் படம் இவ்விரண்டில் எதன் வம்சம் என்று கேட்டேன். ஜாரவாக் காட்டின் ஊடே டிரங்க் ரோட்டில் பஸ்ஸில் போன எல்லாருக்கும், பழங்குடியினரைப் படமெடுக்கலாகாது என்ற எச்சரிக்கை மனப்பாடம். 1956-ஆம் வருஷத்துப் பாதுகாப்பு விதிக்கு 2012-இல் வந்த திருத்தம் அதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியிருக்கிறது. காமிராவுக்குப் போட்ட தடை கற்பனைப் படத்துக்கு இல்லைதான். எனினும், தன்னைப் பற்றி உலகம் என்ன படம் போடுகிறது என்பதைப் பார்க்கவோ, பார்த்து ஆக்ஷேபிக்கவோ வழியில்லாத ஒருவனுடைய முகத்தை, அவன் குடியிருக்கும் தீவுகளிலேயே உட்கார்ந்துகொண்டு உற்பத்தி செய்வதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டாமா? பையன் பதில் சொல்லவில்லை. படத்தைச் சுருக்கி ஓரத்தில் வைத்தான். அவன் அழிக்கவில்லை, நானும் அழிக்கச் சொல்லவில்லை.

இதெல்லாம் சரி, வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். மூன்று நாள் கப்பல் ஏறி மெயின்லேண்டுக்குப் போய்ப் பிழைக்க வேண்டிய பிள்ளைகளின் பெற்றோர் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. ஒரு வரி எழுதினால் யந்திரம் இருபது படங்களை நொடியில் கொட்டுகிற இந்நாளில், சம்பளம் கொடுத்து ஆள் வைப்பவனுக்கு வேண்டியது, அந்த இருபதில் பத்தொன்பது ஏன் ஆகாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவன்தான். அந்தக் காரணத்தை எந்தப் பாஷையில் யோசிக்க முடிகிறதோ அந்தப் பாஷையிலேயே எழுத விட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி என்று வீட்டுக்கு வீடு பாஷை மாறும் இந்த ஊரில், பொதுப் பேச்சுக்கு இந்தி போதும்; ஆனால் தாயின் விரல் தயங்கிய இடத்தைச் சொல்ல வீட்டுப் பேச்சுதான் உதவுகிறது. கோலத்தைப் பற்றி அந்தப் பெண் இந்தியில் எழுதியிருந்தால், "பகுத் அச்சா" என்று முடித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

நான் கிளம்புகிற சமயத்தில் கீழே துணிக்கடையில் ஷட்டர் இறக்குகிறார்கள். ஆசிரியர் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார். கோலக்காரப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. மோல்னார் அம்மையாரின் சதுரங்களை மறுபடி திறந்துவைத்துக்கொண்டு, குலைந்த கோடுகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். யந்திரத்தில் போட்டால் எல்லாம் நேராகத்தானே வரும், இது எப்படி இப்படி என்று தனக்குத்தானே முணுமுணுத்தவள், நான் நிற்பதைக் கண்டு திரும்பினாள்.

"இது கை தவறினது இல்லை சார்" என்றாள். "அந்தப் பாட்டி வேணும்னேதான் கலைச்சிருக்காங்க. எவ்வளவு கலைக்கலாம்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க." பிறகு ஆசிரியரைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் சார்" என்றாள்.