லாரிக்குப் பாரம் தேடுவது யார்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1980-ஆம் வருஷத்துச் சட்டம் சரக்குப் போக்குவரத்தின் கட்டுகளைத் தளர்த்தியது. அதன்பின் ஒற்றை லாரி உடையோரும் எளிதில் இத்தொழிலில் இறங்கலாயினர். தூரத்துச் சந்தைகளுக்கு விளைபொருள்களை ஏற்றிச் செல்வோரில் இவர்களும் உண்டு. பாரத்தைத் தாமே தேடுவதா, டிஸ்பாச்சர் என்னும் காரியஸ்தரை அமர்த்துவதா என்பதே இவர்களுடைய பிரச்னை.

காரியஸ்தரால் அநுகூலம் இல்லாமற் போகவில்லை. வண்டி ஓட்டுகிறவர் அதே வேளையில் வாடகை பேச இயலாது; திரும்புகாலில் வண்டி வெறுமையாக ஓடினாலோ எண்ணெய்ச் செலவு கைந்நஷ்டம். ஆயினும், பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரையுள்ள அவரது கூலி, மொத்த வாடகையின்மீது கணக்கிடப்படுகிறது; லாபத்தின்மீது அன்று. வாடகை 2,000 டாலர், செலவு 1,600 டாலர் எனில் மிச்சம் 400 டாலர். நூற்றுக்குப் பத்து வீதம் 200 டாலர் கொடுத்தால் லாபத்திற் பாதி போய்விடும்.

மேலும், லைசென்ஸ் பெற்ற சரக்குத் தரகர் 2013 முதல் 75,000 டாலருக்கு ஜாமீன் காட்டவேண்டும். லாரிக்காரரின் ஏஜெண்டாக மாத்திரம் நிற்கும் காரியஸ்தருக்கு அக்கட்டாயம் இல்லை.

ஆகவே, தொழிலுக்குப் புதியவர் சில மாதங்கள் காரியஸ்தரை வைத்துக்கொள்வது தகும். அப்போதும் ஒவ்வொரு பாரத்தின் வாடகைச் சீட்டையும் நேரிற் பார்த்து, மைலுக்குத் தமக்காகும் செலவைக் குறித்து வருதல் அவசியம். அக்கணக்கும், சரக்கு அனுப்புவோரின் பழக்கமும் கைவந்தபின் தாமே பாரம் தேடுவதே உத்தமம்.