புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் 1990-களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேலான ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடு பட்டுப்போனது. அரிசி மணி அளவே உள்ள பட்டை வண்டின் வேலை அது. குளிர்ந்த நாட்டில் இரண்டு ஆண்டு எடுத்து வளரும் வண்டு, வெப்பமான கோடைகள் தொடர்ந்து வந்ததால் ஒரே ஆண்டில் வளர்ந்து பெருகியது.

காடு போன இடங்கள் பலவற்றில் ஆளுயரப் புல் மண்டியது. ஆண்டுதோறும் மடியும் தாள்கள் மெத்தைபோல் படிகின்றன. வெயில் உள்ளே இறங்காமல் மண் சில்லிட்டுக் கிடக்கிறது. விழும் ஸ்புரூஸ் விதை எங்கே வேர்விடும்? தீ அபாயமும் உண்டு. 2007 ஜூனில் ஒருவர் மண்வெட்டியைத் தீட்டியபோது பறந்த பொறி, பட்ட மரமும் காய்ந்த புல்லுமாகக் கிடந்த கரிபூ குன்றுகளில் சுமார் 55,000 ஏக்கரை எரித்தது.

மரம் நடுவதா, புல்லையே ஏற்றுக்கொள்வதா? விவாதம் பெரும்பாலும் பெரிய விலங்குகளைச் சுற்றியே நடக்கிறது. அங்குள்ள வனவிலங்குப் புகலிடமே 1941-இல் மூஸ் மானுக்காக ஏற்பட்டதுதான். ஆனால் தீர்ப்பு எழுதப்போவது மண்ணுக்குள் இருப்பவை.

பனியுகம் வட அமெரிக்காவின் வடபகுதியில் மண்புழுக்களைத் துடைத்துவிட்டது. இன்று அலாஸ்காவில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய இனங்கள். கீனாயில் பெரிய மண்புழுக்கள் தென்பட்டது படகுத்துறைகளையும் சாலைகளையும் ஒட்டித்தான். தூண்டில் போடுபவர்கள் மீந்த புழுவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். தானாக ஊர்ந்தால் ஆண்டுக்குச் சில மீட்டர் மட்டுமே நகரும் உயிர், காரில் ஏறி நூறு கிலோமீட்டர் போய்விடுகிறது.

வந்த புழு சருகைத் தின்னும். காட்டில் அது கேடு. சருகில் வாழும் வண்டும் சிலந்தியும் வீடிழக்கும். ஆனால் ஸ்புரூஸ் விதையைத் தடுக்கும் அந்தப் புல் மெத்தையையே அது தின்னத் தொடங்கினால், கணக்கே மாறிவிடலாம்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பது எளிது. தரையில் ஒரு சட்டத்தை வைத்து, புல்லை ஒதுக்கி, நான்கு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் கடுகுப்பொடி கரைத்து மெல்ல ஊற்றுகிறார்கள். உடல் எரிய, சில நிமிடங்களில் புழுக்கள் நெளிந்து மேலே வரும். பூச்சிகளுக்குப் புல்மேல் வீசிப் பிடிக்கும் கைவலை. பிடிபட்டதை மொத்தமாக டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் பல இனங்கள் ஒரே நேரத்தில் அடையாளம் தெரியும்.

ஒருமுறை எண்ணினால் பட்டியல் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணினால்தான் எது வந்தது, எது போனது என்பது தெரியும். மரக்கன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். படகுத்துறையில் புழு கொட்டுவதை இப்போதே நிறுத்த வேண்டும்.