சந்தா நம்முடையது, வாசல் சாவி யாரிடம்?

லீவு விட்டால் தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள், இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து 'மைன்கிராப்ட்' ஆடுகிறார்கள். கட்டம் கட்டமாகக் கல்லை அடுக்கிக் கோட்டை கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு இது. 2023-ம் ஆண்டுக்குள் உலகம் பூராவும் 30 கோடி பிரதிகள் விற்ற சரக்கு!

கொஞ்சம் விவரம் தெரிந்த பையன்கள் அடுத்தவன் சர்வரில் ஆடுவதோடு நிற்பதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, கூட்டாளிகளைக் கூப்பிடுகிறார்கள். சர்வர் புரோகிராம் இலவசம். கரண்ட் செலவு மட்டுந்தான். சினிமா, ஓட்டல் என்று காசைக் கரைப்பதைவிட இது எவ்வளவோ மேல்!

ஆனால் அங்கேதான் வருகிறது வில்லங்கம். அம்பத்தூர் வீட்டில் சர்வர் ஜோராக ஓடும். அடையாறில் இருக்கும் நண்பனால் உள்ளே நுழைய முடியாது. "ரவுட்டர் கோளாறு" என்று பையன் தலையைப் பிய்த்துக் கொள்வான். பல வீடுகளில் கோளாறு ரவுட்டரில் இல்லவே இல்லை!

இரண்டு வாட்ச்மேன்கள்

ரவுட்டர் என்பது வீட்டு வாட்ச்மேன் மாதிரி. உள்ளேயிருந்து வெளியே போகிறவரைத் தடுக்காது. போனவர் கேட்டதற்குப் பதில் வந்தால் உள்ளே விடும். முன்பின் தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டினால், யாரைப் பார்க்க வந்தார் என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடும்.

அதற்கு நாம் ஓர் உத்தரவு போடலாம். "25565-ம் நம்பர் கதவைத் தட்டுகிறவரை இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு" என்று. 'போர்ட் பார்வர்டிங்' என்பது இதுதான். பழகியவர்களுக்கு ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் தெருமுனையில் இன்னொரு வாட்ச்மேன் நிற்கிறான். அவன் இன்டர்நெட் கம்பெனியின் ஆள். நம்ம பேச்சு அவனிடம் எடுபடாது!

இவன் எங்கிருந்து வந்தான்? இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு விலாச எண் வேண்டும். பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு காலி. ஏப்ரலில் ஆசியா-பசிபிக் வட்டாரத்திலும் ரேஷன் வந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே விலாசத்துக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள் கம்பெனிக்காரர்கள். 2012-ல் இந்த ஏற்பாட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன.

உங்கள் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க விலாசத்தைப் பாருங்கள். அந்த வரிசையில் இருந்தாலோ, 10 என்று ஆரம்பித்தாலோ, உங்களுக்குத் தனி விலாசம் கிடையாது. பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஏன் மறைக்க வேண்டும்?

எண்ணுக்குப் பஞ்சம் என்பது நிஜம். அதைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் மறைப்பதுதான் குறை!

வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு நோட்டீஸ் அடிக்கிறார்கள். "வெளியே போகலாம், வெளியாள் உள்ளே வரமுடியாது" என்று ஒரு வரி கிடையாது. போன் போட்டால், "ரவுட்டரை ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." நாலு முறை போட்டால்தான், "ஸ்டாடிக் ஐ.பி. வாங்குங்க, அதுக்குத் தனிக் காசு" என்று விஷயம் வெளியே வருகிறது. டிபன் கடையில்கூட 'பார்சலுக்குத் தனிக் கட்டணம்' என்று போர்டு மாட்டுகிறார்கள்!

'ஐ.பி.வி.6' என்ற புது முறை வந்தாச்சு. அதில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட இன்டர்நெட் வாடிக்கையாளர்களிடம் அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே வரும் வழியைத் திறக்கும் வசதி, கம்பெனி கொடுக்கும் எல்லா ரவுட்டரிலும் இருப்பதில்லை. பஞ்சம் தீர்ந்தும் பூட்டு தொங்குகிறது!

கள்ளனும் வருவான்

அதற்காகக் கதவை ஹோ என்று திறந்து போடவும் கூடாது. 2016-ல் 'மிராய்' என்றொரு வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத ரவுட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதை உருவாக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆயுதம் குறிவைத்த இடங்களில் முக்கியமானவை எவை தெரியுமா? இதே மைன்கிராப்ட் சர்வர்கள்தான்!

2021 டிசம்பரில் இன்னொரு கூத்து. விளையாட்டில் அரட்டை அடிக்கும் இடத்தில் ஒரு வரி டைப் செய்தாலே, அடுத்தவன் சர்வரைக் கைப்பற்றலாம் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது.

ஆகவே பெற்றோர்களே, சர்வர் நடத்தும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் நாலு விஷயத்தைக் கேளுங்கள். ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றியாச்சா? ஒரே ஒரு கதவைத்தான் திறந்திருக்கிறானா? தெரிந்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் பட்டியல் போட்டிருக்கிறானா? புரோகிராமை அவ்வப்போது புதுப்பிக்கிறானா? இந்த நாலும் சரியென்றால் பயம் பெருமளவு குறையும்.

டிராய் அமைப்புக்கும் ஒரு வார்த்தை. இணைப்புக்கு விண்ணப்பம் வாங்கும்போதே, 'தனி விலாசமா, பங்கு விலாசமா? தனி வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு?' என்று எழுதிக் கொடுக்கும்படி எல்லாக் கம்பெனிகளுக்கும் உத்தரவு போட வேண்டும். கம்பெனிகளுக்கு இதில் பெரிய செலவில்லை. இரண்டு வரி மைதான்.

காசு வாங்கும்போது வாய் நிறையப் பேசுகிறவர்கள், உண்மையைச் சொல்லவும் வாயைத் திறக்கட்டும்!