மேஜை நிறைய மார்க்கர் வேண்டும்

பெங்களூரில் நம்மவர் நிறைய வசிக்கும் அல்சூர், காக்ஸ்டவுன், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கங்களில் ஸ்நூக்கர் கூடங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. ஒரு கூடம் வாழைமரம் கட்டித் திறந்த ஆறாம் மாதமே ஷட்டரை இறக்கிவிடுகிறது. அதற்கு நாலு கட்டடம் தள்ளி, பழைய மேஜையும் சாயம் போன சுவருமாக இன்னொரு கூடம் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. மூடியவரைக் கேட்டால் வாடகையைக் குறை சொல்கிறார், கரண்ட் பில்லைக் குறை சொல்கிறார். நாலு கட்டடம் தள்ளி இருப்பவருக்கு மட்டும் வாடகை இல்லையா, மின்சாரம் இனாமா?

ரயில்வே டூட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் இப்படிப்பட்ட கூடங்களில் ஏறி இறங்குவது பல ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். ஆடுவது குறைவு, பார்ப்பதுதான் அதிகம். பார்த்த அளவில் என் முடிவு இது: கூடத்தைத் தூக்கி நிறுத்துவது மேஜையும் அல்ல, குளுகுளு வசதியும் அல்ல, அங்கே நிற்கும் மார்க்கர்தான்.

மார்க்கர் என்றால் பந்தை எடுத்து வைத்து ஸ்கோர் சொல்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அவருடைய வேலையில் கால் பங்குகூட இல்லை. மேஜையின் பச்சைத் துணி கம்பளி நெசவு. அதற்கு ஒரு போக்கு உண்டு. பழுப்பு, மஞ்சள், பச்சைப் பந்துகள் நிற்கும் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் பக்கமாகவே பிரஷ் போட வேண்டும், இஸ்திரியும் அப்படியே மிதமான சூட்டில் இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் மெதுவாக ஓடும் பந்து கோணிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய துணியில் பந்து பாதி வழியிலேயே படுத்துவிடும். துணிக்கு அடியில் இருப்பது மரப்பலகை அல்ல, ஸ்லேட் கல். முழு அளவு மேஜை ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். ஒரு கால் ஒரு நூலளவு இறங்கினாலும் ஆட்டம் கெட்டது. கேங்மேன் தண்டவாளத்தைத் தினம் நடந்து பார்ப்பது போல, நல்ல மார்க்கர் காலையில் ஒரு பந்தை மெல்ல உருட்டிவிட்டு மேஜையைப் பார்க்கிறார். கோலின் நுனியில் உள்ள தோல் தேய்ந்திருந்தால் மாற்றி ஒட்டுகிறார். வாடிக்கையாளர் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் சரியாக இல்லாவிட்டால் மறுநாள் அவர் வரமாட்டார்.

அதைவிடப் பெரிய வேலை ஆளைப் பார்ப்பது. முதல் தடவையாகப் படியேறி வரும் பையன் வாசலிலேயே தயங்கி நிற்பான். எந்தக் கோலை எடுப்பது, யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பார்கள் என்று ஒன்றும் தெரியாது. உள்ளே நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் போதும், அந்த வாடிக்கை போயே போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஒரு மார்க்கர் அந்த நேரத்தில், “வா தம்பி, இந்தக் கோலைப் பிடி, கட்டைவிரலை இப்படி வை” என்று கூப்பிட்டுக் கடைசி மேஜையில் பத்து நிமிஷம் காசில்லாமல் ஆடவிடுவார். பிறகு அவனுக்குச் சமமான ஒருவனைத் தேடி ஜோடி சேர்ப்பார். ஒருவன் கொஞ்சம் தேறியவனாக இருந்தால் மற்றவனுக்கு இருபது பாயிண்ட் முன்கூட்டியே கொடுத்து ஆரம்பிக்கச் சொல்வார். தோற்றாலும் அவமானம் இல்லாமல் தோற்கிறான் பையன், அடுத்த நாளும் வருகிறான். இந்த மனிதர் கன்னடக்காரரிடம் கன்னடம், நம்மிடம் தமிழ், மற்றவரிடம் தக்கினி உருது பேசுவார். ஸ்கோர் மட்டும் எல்லோருக்கும் இங்கிலீஷில்!

இப்படிப்பட்டவருக்கு முதலாளி தரும் சம்பளம் என்ன என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். சுவரில் பெரிய டி.வி. மாட்டப் பணம் இருக்கிறது, மார்க்கருக்கு ஆயிரம் ரூபாய் கூட்டிக்கொடுக்கக் கை வருவதில்லை. அவர் வேறு கூடத்துக்குப் போனால் அவர் பின்னால் பாதிக் கூட்டம் போய்விடுகிறது. அதன் பிறகு வாடகையைக் குறை சொல்லி என்ன பயன்?

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேஜை 12 அடிக்கு 6 அடி. கோலின் நீளம் ஏறக்குறைய 5 அடி. சுற்றிலும் தாராளமாகக் கோல் வீச வேண்டுமானால் 22 அடிக்கு 16 அடி இடம் வேண்டும். நம் முதலாளிகளில் சிலர் மூன்று மேஜை போடும் இடத்தில் ஐந்தைத் திணிக்கிறார்கள். ஒருவர் குனிந்து குறி பார்க்கும்போது அடுத்த மேஜைக்காரரின் முழங்கை முதுகில் இடிக்கிறது. தூண் பக்கம் போனால் குட்டைக் கோலைத் தேட வேண்டியிருக்கிறது. விளக்கு மேஜைக்கு நேர்மேலே, நீளவாக்கில், நிழல் விழாதபடி இருக்க வேண்டும். கூரையில் இரண்டு டியூப் லைட்டை மாட்டிவிட்டால் வெளிச்சம் வரும், ஆட்டம் வராது.

வரும்படிக் கணக்குக்கு வருவோம். நாலு மேஜை, மணிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 முதல் 10 வரை எல்லா மேஜையும் ஓடினால் 3,200 ரூபாய். காலை 10 முதல் மாலை 4 வரை ஈ ஓட்டுகிறார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குப் பாதிக் கட்டணம் வைத்து, பாதி மேஜைகள் ஓடினாலும் 1,200 ரூபாய் கூடுதலாக வரும். மாலையில் மனைவியும் பிள்ளையும் எதிர்பார்க்கும் ஷிப்ட் தொழிலாளி, ஓய்வு பெற்றவர், ஆட்டோ ஓட்டி நடுவில் இளைப்பாறுபவர் ஆகியோர் அந்த நேரத்துக்கு உரியவர்கள். பள்ளிச் சீருடையில் வருபவனை மட்டும் அந்த நேரத்தில் படியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பையனின் கட்டணம் போகும். அவன் தெருவில் உள்ள நாற்பது வீட்டின் மரியாதை நிற்கும்.

ஏனென்றால் இந்தத் தொழிலின் பெரிய பகை அதன் பெயர்தான். ‘ஸ்நூக்கர் ஆடப் போகிறேன்’ என்று மகன் சொன்னால், “சூதாடற இடத்துக்காடா போறே?” என்றுதான் தாய் கேட்கிறாள். அவள் மேல் தப்பில்லை. புகை மண்டிய மாடி அறை, ஓரத்தில் பந்தயம் கட்டும் கூட்டம் இவற்றைத்தானே தெரு பார்த்திருக்கிறது! பொது இடத்தில் புகைப்பதற்கு 2008 அக்டோபரிலிருந்து தடை இருக்கிறது. கர்நாடகத்தில் ஹூக்கா விற்பனைக்கும் 2024 பிப்ரவரியில் அரசு தடை போட்டது. சட்டம் போட்டாயிற்று, ஜன்னலைத் திறந்து வைத்து அதைக் காட்ட வேண்டியவர் முதலாளி.

பந்தயக்காரர்கள் இல்லாவிட்டால் இரவு வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். நான் பார்த்தது வேறு. பந்தயம் ஓடும் மேஜை ஒன்றுதான்; அதைச் சுற்றிப் பத்துப் பேர் காசு கொடுக்காமல் நிற்கிறார்கள். அவர்கள் போடும் சத்தத்தில் மற்ற மூன்று மேஜைக்காரர்கள் கோலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு மேஜை வாடகைக்காக மூன்றை இழப்பது என்ன வியாபாரமோ!

தோற்றவர் மேஜைக்காசு கொடுக்கும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. பெரியவர்களுக்குள் அது விளையாட்டுத்தனம், நான் குறை சொல்லவில்லை. சம்பாதிக்காத பையன்களிடம் இதை அனுமதிக்கக் கூடாது. இருவரும் பாதிப் பாதி என்று எழுதிப் போட வேண்டும்.

இது சீமான்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் விடுதியில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் வேறு) பில்லியர்ட்ஸ் மேஜையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடியதில் பிறந்தது ஸ்நூக்கர். அதன் விதிகள் ஒழுங்கானது 1880-களில், நம் ஊட்டி கிளப்பில். ஆக, பிறந்ததும் வளர்ந்ததும் இந்த நாட்டில்தான். 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வில்சன் ஜோன்ஸ் வென்றபோது, எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். இதே பெங்களூரில் வளர்ந்து, அர்விந்த் சவூரிடம் பயின்ற பங்கஜ் அத்வானி 25-க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வைத்திருக்கிறார்.

பெண்கள் விஷயத்தில் நம் கூடங்கள் இன்னும் பின்தங்கியே உள்ளன. சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டம் வென்றார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் தெருப் பெண் ஒருத்தி ஆசையோடு கிளம்பினால் எந்தக் கூடத்துக்குப் போவாள்? பெண்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறைகூட இல்லாத இடங்களே நான் பார்த்ததில் அதிகம். வாரத்தில் ஒரு நாள் காலை பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஒதுக்கி, தகப்பனோ அண்ணனோ கூட வந்து உட்காரலாம் என்று அறிவித்தால், தாய்மார்களே படியேறி வந்து உள்ளே பார்ப்பார்கள். அதன் பிறகு அந்தக் கூடத்தைச் சூதாட்ட இடம் என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் இலாகாவுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ரயில்வே இன்ஸ்டிடியூட்டுகள் பலவற்றில் பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. தூசி படிந்து, மேலே பழைய பேப்பர் கட்டு அடுக்கிய நிலையில் அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ஸ்லேட் கல் கெட்டுப்போகும் பொருள் அல்ல. புதுத் துணி, புது ரப்பர், ஓய்வு பெற்ற ஒரு மார்க்கருக்கு மாதச் சம்பளம், இவ்வளவுதான் செலவு. காலனிப் பிள்ளைகளுக்கு மாலை இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். எங்கெங்கே இப்படி மேஜைகள் கிடக்கின்றன என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒரு பட்டியல் எடுத்து, அடுத்த ஸ்டாஃப் கவுன்சில் கூட்டத்தில் வைக்கலாம்.