ஃபிராங்க்குக்கு எதற்கு அனுதாபம்?

‘ஹோம் அலோன்’ படத்தில் வரும் ஃபிராங்க் மெக்காலிஸ்டர் ரொம்பப் பாவம், பணக்கார அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஏழை, அவருடைய சிடுசிடுப்பை நாம்தான் இத்தனை வருடமாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு கட்டுரை சென்ற இதழில் வந்திருக்கிறது. படித்ததும் கோபம்தான் வந்தது. ஒரு கதாபாத்திரத்துக்காகப் பரிந்து பேச யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் வீடு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் சகோதரனின் எட்டு வயது மகன் கெவினைக் கேவலப்படுத்திய ஒரு மனிதரைக் காப்பாற்ற, பழியைத் தூக்கி அந்தப் பையன் தலையிலேயே வைத்திருக்கிறார் கட்டுரையாளர். அதைப் பேசாமல் விட முடியாது.

“பாலைக் கொட்டியது கெவின்தானே, பெரியவர் ஒருவர் அதட்டினால் என்ன தப்பு?” என்று கேட்கிறார். அந்தக் காட்சியை அவர் பாதியிலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும். சிகாகோவின் புறநகரில் பெரிய வீடு, விடிந்தால் பாரிஸ் பயணம், உள்ளே பதினைந்து பேர். கெவின் சாப்பிடுவது வெறும் சீஸ் பீட்சா மட்டும். அதை அண்ணன் பஸ் தின்று தீர்த்துவிட்டு, வேண்டுமானால் கக்கித் தருகிறேன் என்று ஓங்கரித்துக் காட்டுகிறான். கெவின் பாய்ந்து அவனை முட்டுகிறான். பால் கொட்டி, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் நனைகின்றன. துடைக்கிற அவசரத்தில் கெவினின் டிக்கெட் குப்பைக்குப் போவதும் அப்போதுதான். சீண்டியவன் பஸ் என்பது அந்த அறையில் கண்ணுள்ள எவருக்கும் தெரியும். ஃபிராங்க் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்திலேயே சின்னப் பையனைப் பார்த்து வசைச்சொல்லால் கத்துகிறார். அறையே வாயடைத்து நிற்கிறது.

இதை அதட்டல் என்று எழுத எப்படி மனம் வந்தது? அதட்டல் என்றால் செய்த காரியத்தைச் சொல்லித் திட்டுவது. ஃபிராங்க் திட்டியது காரியத்தை அல்ல, பையனையே. அதுவும் அவர் விருந்தாளியாக வந்து தங்கியிருக்கும் வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளையை. படுக்கையை நனைக்கும் பழக்கமுள்ள ஃபுல்லருடன் மாடியறையில் படுக்கச் சொல்கிறார்களே என்பது அன்று இரவு கெவினின் பெரிய குறை. அந்த ஃபுல்லர் ஃபிராங்க்கின் மகன். தன் மகனால் வருகிற சிரமத்தையும் இந்தப் பையன்தான் சகித்துக்கொள்ளப் போகிறான் என்ற நினைப்பு அந்த மனிதருக்கு ஒரு கணமும் வரவில்லை. கெவினின் மனத்தில் இந்தக் குடும்பமே காணாமல் போகட்டும் என்ற ஆசை எங்கிருந்து பிறந்தது என்று தேடுகிறவர்கள் அந்தச் சமையலறையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

அடுத்து, ஏழ்மை வாதம். இதற்குப் படத்தில் ஒரு ஆதாரமும் கிடையாது. பீட்சா கொண்டுவந்த பையன் 122 டாலர் 50 சென்ட் கேட்கிறான். இது என் சகோதரன் வீடு, அவன் பார்த்துக்கொள்வான் என்று நகர்ந்துவிடுகிறார் ஃபிராங்க். உன்னிடம்தான் பணம் இருக்கிறதே என்று கேட்டால், இருப்பதெல்லாம் டிராவலர்ஸ் செக் என்கிறார். பணம் இருக்கிறது, எடுக்க மனமில்லை. பாரிஸ் பயணச் செலவும் அவருடையதல்ல. அங்கே மாற்றலாகிப் போன இன்னொரு சகோதரர் ராப், மொத்தக் குடும்பத்தையும் தன் செலவில் அழைக்கிறார். விமானத்தில் பெரியவர்களெல்லாம் முதல் வகுப்பு, பிள்ளைகள் பின்னால். அந்த முதல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, மேசைமேல் வைத்த கிரிஸ்டல் சாமானைக் கைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் மனைவியிடம். இல்லாதவர்களின் கஞ்சத்தனத்துக்கு ஒரு கௌரவம் உண்டு. பிள்ளைக்கு நாளைக்கு வேண்டுமே என்று முடிந்துவைக்கிற கை அது. அடுத்தவர் காசில் உட்கார்ந்து, அங்கிருப்பதையும் சுருட்டுகிறவரை அந்த வரிசையில் நிறுத்துவது ஏழைகளைத்தான் அவமதிக்கிறது.

பெற்றோர் மட்டும் யோக்கியமா, அவர்கள் தப்பிக்கத்தானே ஃபிராங்க்கைப் பலிகடா ஆக்கினார்கள் என்றும் கேட்கிறார். அவருடைய வாதங்களில் கொஞ்சம் பலமுள்ளது இதுதான். ஆகவே இங்கே நின்று பேசலாம். பெற்றோர் யோக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையை மறந்துவிட்டுக் கடல் தாண்டியவர்கள் அவர்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தாய் கேட் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். பாரிஸ் விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதியிடம் கையில் காதில் கிடந்ததையெல்லாம் கொடுத்து ஓர் இடம் வாங்குகிறாள். ஸ்கிரான்டனில் வந்து சிக்கிக்கொண்டு, ஒரு போல்கா இசைக்குழுவின் வேனில் ஏறி ராத்திரியெல்லாம் பயணம் செய்கிறாள். தன் தவறை உடம்பால் சுமந்து வீடு சேர்கிறவள் அவள். படம் அவளைத் தப்ப விடவே இல்லை.

அந்த வேனில் நடக்கும் பேச்சையும், அதற்கு முன் விமானத்தில் நடக்கும் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், ஃபிராங்க் யார் என்பது விளங்கிவிடும். விமானத்தில், பிள்ளையை விட்டுவிட்டு வந்த நான் எல்லாம் ஒரு தாயா என்று கேட் உடைந்து போகிறாள். ஃபிராங்க் சொல்லும் ஆறுதல், நான்கூட என் படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்பது. வேனில் அதே கேள்வியோடு அவள் உட்கார்ந்திருக்கும்போது, ஜான் கேண்டி நடித்த கஸ் பொலின்ஸ்கி, தன் பிள்ளையை ஒருமுறை சவ அடக்க நிலையத்தில் மறந்து விட்டுவிட்டு வந்த கதையைச் சொல்கிறார். நாள் முழுக்கப் பிணத்தோடு இருந்த பையன் வாரக்கணக்கில் பேசவே இல்லையாம். ஆறுதலாகக் கேட்டால் படு மோசமான ஆறுதல்தான். கேட்டின் முகமே வெளிறிப் போகிறது. ஆனால் கஸ் தன்னைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். நானும் தவறிய தகப்பன்தான் என்கிறார். ஃபிராங்க் ஒரு குழந்தையைக் கண்ணாடிக்குச் சமமாக வைக்கிறார். எழுதிய ஜான் ஹியூஸும் இயக்கிய கிறிஸ் கொலம்பஸும் மறதி என்ற ஒரே விஷயத்தை வைத்தே இரண்டு ஆண்களை இப்படி அளந்து காட்டியிருக்கிறார்கள். கட்டுரையாளர் கண்ணில் இது படவே இல்லை.

சிடுமூஞ்சிக்கு அனுதாபம் வேண்டும் என்றால் அதே தெருவில் மார்லி கிழவர் இருக்கிறார். மண்வாரியோடு பனி தள்ளும் அவரைக் கொலைகாரன் என்று பிள்ளைகள் நடுங்குகிறார்கள். தேவாலயத்தில் கெவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகனோடு சண்டை, வருடக்கணக்காகப் பேச்சில்லை, பேத்தி பாடுவதைக் கேட்க இப்படி ஒதுங்கி வந்திருக்கிறேன், கூப்பிட்டால் மகன் பேசமாட்டானோ என்று பயமாக இருக்கிறது என்று ஒரு சின்னப் பையனிடம் மனம்விட்டுச் சொல்கிறார். பார்க்கிறவர்களின் அனுதாபம் கேட்காமலே அவரிடம் போய்ச் சேர்கிறது. ஃபிராங்க்குக்கு அப்படி ஒரு காட்சி இல்லாததைப் படத்தின் ஓரவஞ்சனை என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். மார்லி வாய் திறந்து தன் பயத்தைச் சொன்னார். ஃபிராங்க் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் என்ன சொன்னார் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

ஜெர்ரி பேமன் அருமையாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. நடிகர் மேல் வரும் பிரியத்தைப் பாத்திரத்தின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

1992இல் வந்த இரண்டாம் படத்தைக் கட்டுரை தொடவே இல்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. பையன் ஒருவனை வீட்டில் தனியாக விட்டு, திருடர்கள் கையில் கொடுத்துவிட இருந்த குடும்பம் அது. அவ்வளவும் நடந்த பிறகும், என் பயணத்தைக் கெடுத்துவிடாதே, உன் அப்பா நிறையச் செலவு செய்கிறார் என்று அதே பையனிடம் சீறுகிறார் ஃபிராங்க். குளியலறைக்குள் வந்துவிட்டவனை அறைந்துவிடுவேன் என்று மிரட்டுகிறார். அந்த மிரட்டல் கெவினின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகிவிடுகிறது. பிறகு நியூயார்க்கில், தனியாக ஓட்டலில் தங்கியிருக்கும் அவனை வேவு பார்க்க அறைக்குள் நுழைகிறார் ஓட்டல் அதிகாரி. கெவின் அந்தப் பதிவைத்தான் ஓட விடுகிறான். உள்ளே இருப்பது முரட்டுத் தகப்பன் என்று நம்பி, வளர்ந்த மனிதர் விழுந்தடித்து ஓடுகிறார். அந்தக் குரலைத்தான் கட்டுரையாளர் அலுத்துப்போன ஒரு மனிதரின் முனகல் என்கிறார்.