கிழிந்த ரப்பர் உறை

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணும் முறையில் நம் நாட்டுப்புறங்களில் நிலவும் வழக்கமொன்று கண்டிக்கத்தக்கது என்பது எம் கருத்து. முன் சக்கரத்தைப் பிணித்து நிற்கும் பந்துமூட்டின் ரப்பர் உறை கிழிந்தால், அதனை ஒரு குறையாகவே கொள்ளாது ஓட்டிச் செல்வதும், மூட்டு முற்றும் தேய்ந்து ஓசையிட்ட பின்னர்ப் பட்டறையை நாடுவதுமே அவ்வழக்கம். தமிழிலக்கியம் பயில்வார்க்குப் பட்டறையில் என்ன அலுவல் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், கழன்று வீழும் சக்கரம், உள்ளே இருப்போர் யாது பயின்றார் என்று வினவுவதில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தில், 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 வண்டியும், 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரும் ஆங்காங்கே இன்னும் ஓடக் காணலாம். இவை செல்வர் அழகுக்காக நிறுத்திவைத்தவை அல்ல. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணைச் செங்கற்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், நெல்மூட்டை ஏற்றுவதும், ஐவர்க்கென அமைந்த இடத்தில் ஒன்பதின்மரைத் திணித்துத் திருமணத்திற்குச் செல்வதும் இவற்றின் தொழில். ஆதலின் இவற்றின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு ஆகாது.

பட்டறையார் ‘பால் ஜாயிண்ட்’ என்று வழங்கும் இம்மூட்டு, எஃகுக் குண்டொன்று கிண்ணத்துள் அமர்ந்து பல திசையிலும் திரும்புமாறு அமைந்தது. நம் இடுப்பு மூட்டினை ஒத்தது. உள்ளே கிரீஸ் நிறைந்திருக்கும். அதனை உள்ளே காப்பதும், புழுதியையும் நீரையும் புறத்தே நிறுத்துவதும் ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறையின் கடமை. முற்கால வண்டிகள் பலவற்றில் அவ்வப்போது கிரீஸ் ஏற்றுதற்குச் சிறு மூக்கு ஒன்று இருந்தது. பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் அஃதில்லை. வாழ்நாள் முழுமைக்கும் அடைக்கப்பட்டது என்பர். அவ்வாழ்நாள் உண்மையில் ரப்பரின் வாழ்நாளே என்பதை வண்டி வாங்குவார் அறிவதில்லை. உறை கிழிந்தால் கிரீஸ் பிதுங்கி வெளியேறும். கல்லேற்றிய லாரிகள் எழுப்பும் புழுதி எஞ்சிய கிரீஸுடன் கலந்து அரம்போல் அராவும். ஐப்பசி கார்த்திகை மழைநீர் புகுந்து துருவேற்றும். நாளடைவில் குண்டு ஆட்டங்கொள்ளும். பள்ளங்களில் தட்டோசை கேட்கும். டயர் ஒருபுறமாய்த் தேயும். இறுதியில் குண்டு கிண்ணத்தினின்று பிடுங்கிக்கொள்ளுமாயின் சக்கரம் மடிந்து சாயும். அப்பொழுது ஸ்டீயரிங்கைப் பற்றியிருக்கும் கைக்கு ஒரு பயனும் இல்லை.

உத்திரமேரூர் என்றவுடன் 919, 921 ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளையும் குடவோலையையும் எடுத்துரைத்துப் பெருமிதங்கொள்வோர் பலர். அக்குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற குழுக்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை எண்ணுவார் சிலரே. கரை உடைந்தபின் அழுவதற்காக அன்று, உடையாமற் காத்தற்காகவே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தனர். அவ்வூர்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு அத்துணைக் கவனம் வேண்டாவா?

ஈண்டு அனுபவமுள்ள பட்டறையார் ஒரு தடை எழுப்புவர். உறை மட்டும் மாற்றுவது வீண்வேலை. புழுதி முன்னரே புகுந்திருக்கும். மூட்டையே மாற்றுக என்பர். பழைய ஆடையிற் புதுத்துணியை ஒட்டினால் கிழிசல் மிகும் என்னும் நற்செய்தி உவமை எமக்கும் நினைவில் உண்டு. மூட்டில் ஆட்டமோ துருவோ காணப்படின் அவர் கூற்றே சரி. அந்நிலையில் புதிய உறை போர்த்துவது நோயை மறைப்பதாகும். சில வண்டிகளில் மூட்டும் அதனைத் தாங்கும் கையும் ஒன்றாய் அமைந்திருத்தலின், கை முழுவதையும் மாற்றவேண்டிவரும். செலவு பெரிதேனும் செய்தே தீரல்வேண்டும். ஆயின் கிழிசல் புதிது, கிரீஸ் தூயது, குண்டு இறுக்கமாய் உள்ளது எனின், நல்ல மூட்டை எறியச் சொல்வது ஏழை உடையவர்க்குச் செய்யும் அநீதி. சோதித்துப் பாராமலே ‘முழுதும் மாற்று’ என்பாரிடம் எமக்கு உடன்பாடில்லை.

சோதிப்பதும் அரிதன்று. வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் அமர்த்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் படுப்பது அறிவீனம்), சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தும், நெம்புகோலால் மெல்ல நெம்பியும் பார்த்தால் ஆட்டம் புலப்படும். ஆட்டம் இன்றேல் மூட்டின் தண்டைக் கழற்றுக. இதற்குக் கவைபோன்ற ஆப்பினைச் சம்மட்டியால் அறைந்து செலுத்துவது பலர் வழக்கம். அவ்வாப்பு நல்ல உறையையும் கிழித்துவிடுமாதலின் அழுத்திக் கழற்றும் கருவியே தக்கது. பழைய கிரீஸை முற்றும் துடைத்தெடுத்துப் புதியதை அளவாய் இட்டு, உறையை ஏற்றி, அதன் வளையங்களைப் பள்ளத்தில் அமர்த்துக. திணித்து நிரப்பினால் உறை உப்பி மீண்டும் பிளவுபடும். மரையை உரிய அளவு முறுக்கி, ஸ்பிலிட் பின் உள்ள வண்டியாயின் அதனைப் புதிதாகவே இடுக.

சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியாற் கட்டும் உபாயத்தைச் சிலர் திறமை என்று புகழ்வர். அஃது ஒரு வாரத்து ஏமாற்று. டியூபிற்குரிய ரப்பர் கிரீஸின் எண்ணெயை உறிஞ்சி ஊதித் தளர்வது. எண்ணெயைத் தாங்கும் நியோப்ரீன் 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தகைய உறைகள் பல அதனால் ஆயவை. ரப்பர் எல்லாம் ஒன்றே எனக் கருதுவது பெரும் பிழை.

குற்றம் உடையவர்மேல் மட்டும் சாராது. உறையைத் தனியே விற்காது மூட்டுடனோ கையுடனோ சேர்த்தே விற்கும் வழக்கம், பழுது பார்க்க விழைவாரைத் தண்டிப்பதாகும். 2022 டிசம்பரில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது. அதன்கண் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளுள் மோட்டார் வண்டியும் ஒன்று. இவ்வுரிமை ஏட்டளவில் நில்லாதிருக்க வேண்டுமாயின், உற்பத்தி நின்ற வண்டிகளுக்கும் உறையைத் தனிப்பொருளாய் எண்ணிட்டுப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். அஃது இயலாதெனின், உறையின் வாயகலம், கழுத்தகலம், உயரம் ஆகிய மூன்று அளவுகளையேனும் வெளியிடுக. அளவு தெரிந்தால் உத்திரமேரூர்க் கடைத்தெருவிலேயே பொருந்துவதைத் தேடிக்கொள்ளலாம். கையகல ரப்பருக்காக ஒரு நாட்கூலியை இழந்து சென்னைக்குப் பேருந்து ஏறவேண்டுவதில்லை.